மூலையில் போட்ட சுண்ணாம்புக் குறி

கடன் கொடுக்கிறவன் சிரித்துக்கொண்டே கொடுத்தால் எனக்குப் பயம். முறைத்துக்கொண்டு கொடுப்பவனைப் பற்றிப் பயமில்லை. அவன் வட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவான். சிரிக்கிறவன் வட்டிக்கு மேலும் எதற்கோ காத்திருக்கிறான். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மரக்காணத்து உப்பளத்தில் நாலு வருஷம் பாத்தி வைத்திருந்தால் யாருக்கும் இந்தப் புத்தி வந்துவிடும்.

அப்பா பேரில் இருந்த குத்தகை, வீட்டில் ஆண்பிள்ளை இல்லாததால், அவர் போன பிறகு எனக்கு வந்தது. என் வீட்டுக்காரருக்குப் பாண்டிச்சேரி மில்லில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு வருவார், மீன்குழம்பு சாப்பிடுவார், திங்கட்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறிவிடுவார். "உப்பு உன் பாடு, நூல் என் பாடு" என்பார். வரப்பு கட்டுவது, ஆள் பிடிப்பது, வாரிக் குவிப்பது, விற்பது எல்லாம் என் தலையில்தான். அதிகாரம் என் கையில் இருந்தது எனக்குப் பிடித்தும் இருந்தது. அதை மறைப்பானேன்?

தை பிறந்ததும் உப்பு வியாபாரி வருவார். கடைத்தெருவில் கடை, ஊருக்கு வெளியே இரண்டு கிடங்கு. வரப்பின் மேல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வருவார். "இன்னா தங்கச்சி, இன்னும் வேலைய ஆரம்பிக்கலியா? ஆளுக்குக் கூலி குடுக்கணும்னா சொல்லு" என்று முன்பணத்தை நீட்டுவார். கையெழுத்து கேட்க மாட்டார், பத்திரம் கேட்க மாட்டார். யார் வீட்டில் பெண் சமைந்தாள், யார் வீட்டில் மாடு செத்தது என்பதெல்லாம் அவருக்கு நம்மைவிட முன்னால் தெரிந்திருக்கும். அவருக்கு எதற்குப் பத்திரம்?

பதிலுக்கு, விளைந்த உப்பெல்லாம் ஆடிக்குள் அவருக்குத்தான், அவர் சொன்ன விலைக்குத்தான். கோடையில் அளம் முழுக்க உப்பு கொட்டிக் கிடக்கும்போது யார் விலை கொடுப்பான்? அதே உப்பைக் கீற்று போட்டு மூடி, ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டி மார்கழியில் எடுத்தால் விலை மளமளவென்று ஏறியிருக்கும். இது அளத்தில் உள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மார்கழிவரை காத்திருக்க யாரிடம் காசு இருந்தது? நாங்கள் விற்ற உப்பு அவர் கிடங்கில் சுகமாகத் தூங்கி எழுந்து, மார்கழியில் லாரி ஏறும். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், என் உப்பை என் குவியலிலேயே மார்கழிவரை வைத்து நானே விற்க வேண்டும். ஒரு தடவை அது நடந்துவிட்டால் அடுத்த தையில் அவரிடம் கை நீட்ட வேண்டியதில்லை.

இங்கே எங்கள் அளத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குவித்த உப்பின் மேல் சுண்ணாம்புத் தண்ணீரால் குறி போடுவோம். யாராவது இரண்டு கூடை அள்ளினால் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். முன்பணம் கொடுத்த வியாபாரிக்கும் குறி உண்டு. எங்கள் வியாபாரியுடையது ஒரு வட்டம், நடுவில் ஒரு கோடு. அந்தக் குறி குவியலின் உச்சியில் இருந்தால் மொத்தக் குவியலும் அவருக்கு என்று அர்த்தம். அடியில், ஒரு மூலையில் இருந்தால் அந்த மூலை மட்டும்தான் அவருக்கு. ஏதோ கைமாற்று வாங்கியிருக்கிறார்கள், கொஞ்சம் உப்பு கொடுத்துக் கழித்துவிடுவார்கள், அவ்வளவுதான். படிக்கத் தெரியாத கிழவிகூட அதைத் தூரத்திலிருந்தே படித்துவிடுவாள்.

பேங்கெல்லாம் சர்க்கார் கைக்குப் போய் சில வருஷம் கழித்து எங்கள் கடைத்தெருவிலும் ஒரு பேங்கு திறந்தார்கள். சின்னத் தொழில் செய்கிறவர்களுக்குக் கடன் என்று தண்டோரா போடாத குறையாகச் சொன்னார்கள். நானும் போனேன். முதலில் கணக்கு தொடங்க வேண்டுமாம். அதற்கு, ஏற்கனவே கணக்கு வைத்திருக்கிற ஒருவர் என்னைத் தெரியும் என்று அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். எங்கள் ஊரில் அப்போது பேங்குக் கணக்கு வைத்திருந்தது யார்? இரண்டு மூன்று வாத்தியார்கள், அப்புறம் உப்பு வியாபாரிகள். வாத்தியார்களுக்கு என்னைத் தெரியாது. வியாபாரியின் பிடியிலிருந்து தப்பிக்க வழி தேடினால், அந்த வழியின் வாசலில் வியாபாரியே நின்றுகொண்டிருந்தார்.

போய்க் கேட்டேன். கடைசிவரை இழுத்தடிப்பார் என்று நினைத்திருந்தேன். அவரோ பேனாவைத் திறந்து அந்த நிமிஷமே போட்டுவிட்டார். "நம்ம தங்கச்சிக்குப் போடாம யாருக்குப் போடப் போறேன்?" என்று ஒரு சிரிப்பு வேறு. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. பேங்கே அவருடையதுதானோ, மேனேஜர் அவர் ஆள்தானோ என்று என்னென்னவோ யோசித்தேன்.

மேனேஜர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். சைக்கிளை ரோட்டோரம் சாத்திவிட்டுப் பேண்ட்டை மடித்துக்கொண்டு அளத்துக்குள் வந்துவிடுவார். வரப்பில் குந்தியபடி கேள்வியாகக் கேட்பார். எத்தனை பிள்ளைகள், வீட்டுக்காரர் சம்பளத்தை உங்களிடம் கொடுக்கிறாரா, தண்ணீர் எத்தனை நாளில் உப்பாகக் கட்டுகிறது, போன மழையில் எவ்வளவு கரைந்தது. கடன் கேட்டால் கடன் பற்றிப் பேச வேண்டியதுதானே? என் வீட்டுச் சமாசாரம் இவருக்கு எதற்கு? வருமான வரிக்காரனா, வியாபாரிக்குத் துப்புச் சொல்கிறவனா என்று சந்தேகப்பட்டேன். கேட்டதற்கெல்லாம் பொய் சொன்னேன். வியாபாரியிடம் முன்பணம் உண்டா என்றால் இல்லை என்றேன். உப்பு எவ்வளவு வரும் என்றால் பாதியைச் சொன்னேன்.

பக்கத்துப் பாத்திக்காரன் எனக்கு நேர் எதிர். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவன்தான், என்னைவிட இளையவன். மேனேஜர் வந்தால் டீ வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவான். மச்சினன் சண்டை, மனைவியின் மூட்டுவலி, சீட்டில் ஏமாந்தது, எதையும் விடமாட்டான். "ஏம்பா, உனக்கு வாய்க்குப் பூட்டே கிடையாதா?" என்று கேட்டால், "பேசினாதான்க்கா கடன் குடுக்கிறாரு" என்பான். அவனுக்கு உண்மையில் என்னைவிடக் கூடுதலாகத்தான் கிடைத்தது. முட்டாளுக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வருஷம் வரப்பு வேலைக்கென்று கொஞ்சம் கொடுத்தார். தவணைக்கு முன்னாலேயே கொண்டுபோய்க் கட்டினேன். அடுத்த வருஷம் அவரே அந்தப் பேச்சை எடுத்தார். "உப்புக் குவியலையே ஈடா வச்சுக் கடன் தரலாம்மா. ஆனியில ஆயிரம் தரேன், முன்பணம் ஏதாவது இருந்தா அடைச்சிருங்க. ஆவணியில குவியலைப் பாத்துட்டு இன்னொரு ஆயிரம். கீத்து, கூலி, வீட்டுச் செலவு எல்லாம் ஓடும். மார்கழியில வித்துட்டு ரெண்டையும் சேத்துக் கட்டுங்க." என் ஆசையை நான் அவரிடம் சொன்னதே இல்லை. மனுஷன் வரப்பில் உட்கார்ந்து அதையும் கண்டுபிடித்திருக்கிறார். சந்தோஷப்பட வேண்டியதுதான். நானோ, 'முன்பணம் ஏதாவது இருந்தா' என்று எப்படிச் சொன்னார், யார் சொல்லிக் கொடுத்தது என்று குடைந்துகொண்டிருந்தேன்.

ஆனியில் முதல் ஆயிரம் வந்தது. வியாபாரியின் முன்பணத்தை அடைத்தேன். அவர் எண்ணிக்கூடப் பார்க்காமல் சிரித்தார். என் குவியலின் உச்சியில் பேங்குக்காரர்கள் ஒரு தகரப் பலகையை நட்டார்கள். இந்த உப்பு பேங்குக்கு ஈடு என்று அதில் எழுதியிருந்தது. ஆடி பிறந்தது. மற்றவர்கள் குவியலெல்லாம் லாரியில் போயிற்று. என்னுடையது நின்றது. காலையில் போனதும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். இவ்வளவு பெரிசா என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும். கூனிமேட்டு லாரிக்கார பாய் ஒருத்தர், "மார்கழியில எங்கிட்டயே குடுங்கம்மா, நல்ல ரேட்டு தர்றேன்" என்று சொல்லிவிட்டும் போனார்.

அப்போதுதான் மேனேஜருக்கு மாற்றல் என்று காதில் விழுந்தது.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. ஒரு ஆயிரம்தான் வந்திருக்கிறது. இரண்டாவது ஆயிரத்தை, வரப் போகிற எவனோ தருவானா? தராவிட்டால் மழைக்கு முன்னால் கீற்று வாங்கக்கூடக் காசு இருக்காது. வியாபாரியையும் வெட்டிவிட்டேன். அத்தனை வருஷம் உப்பைக் கொடுத்தவள் இந்த வருஷம் முன்பணத்தைப் பாதியில் அடைத்துவிட்டு உப்பைக் கொடுக்காவிட்டால், அடுத்த தையில் என் வரப்புப் பக்கம் அவர் வருவாரா? இரண்டு பக்கமும் அறுந்துபோய் நடுவில் நின்றால் என்ன செய்வது?

நேராகக் கடைத்தெருவுக்குப் போய் வியாபாரியிடம் இருநூறு ரூபாய் கைமாற்று வாங்கினேன். எனக்கு அது தேவையே இல்லை. பந்தம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக மட்டும் வாங்கினேன். "மூலையில குறி போட்டுக்குங்கண்ணா" என்று நானே சொன்னேன். மறுநாள் அவர் ஆள் வந்து குவியலின் கிழக்கு மூலையில், அடியில், வட்டமும் கோடும் போட்டுவிட்டுப் போனான். உச்சியில் பேங்குப் பலகை, மூலையில் வியாபாரி குறி. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அன்றைக்கு அது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. அந்த இருநூறை ஒரு துணியில் முடிந்து மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

ஊரை விட்டுப் போவதற்கு முன்னால் மேனேஜர் கடைசியாக ஒருதரம் அளத்துக்கு வந்தார். எல்லோரிடமும் சொல்லிக்கொள்ள வந்திருந்தார். வெயில் சுட்டது. நான் மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "உங்ககிட்டேயிருந்து ஒரு உண்மையாவது வாங்கிட்டுப் போயிறணும்னு பாத்தேன், முடியலையேம்மா" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஏனோ நான் பயப்படவில்லை. தெரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறார், அப்படியும் கொடுத்திருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவரைக் கிழக்கு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். "இருநூறு ரூபா வாங்கியிருக்கேன் சார். உங்களுக்கு அப்புறம் வர்றவரு எப்படியோன்னு பயந்து வாங்கிட்டேன். செலவுகூடப் பண்ணல, வீட்டுல அப்படியே இருக்குது." அவர் குனிந்து குறியைப் பார்த்தார். மூலைக் குறி என்றால் என்ன என்று அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "இது ஒண்ணுமில்லம்மா. புதுசா வர்றவருக்கு உங்களப் பத்தி எழுதி வச்சுட்டுப் போறேன்" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

ஆவணியில் புது மேனேஜர் வந்தார். சின்ன வயசு, கையில் ஒரு தோல் பை, பின்னால் ஒரு பியூன். எமர்ஜென்சி சமயம். ஆபீஸ்காரர்கள் எல்லோரும் எங்கே மாட்டிக்கொள்வோமோ என்று தங்கள் நிழலைக் கண்டே பயந்துகொண்டிருந்தார்கள். ரோட்டிலிருந்து இறங்கி வந்த மனுஷன் பலகையைப் பார்க்கவில்லை, குவியலின் உயரத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேராகக் கிழக்கு மூலைக்குப் போய் நின்றார். குறியைக் காலால் காட்டி, "இது யாரோடது?" என்றார்.

வியாபாரியுடையது என்றும், மூலை மட்டும்தான் என்றும், வழக்கம் இப்படி என்றும் சொன்னேன். "வழக்கமா? ஈடு வச்ச சரக்கை இன்னொருத்தருக்கும் ஈடு காட்டினா அதுக்குப் பேரு வேற. நாளைக்கு பேங்க்குக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நேராக அங்கே போய் நின்றாரே! யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாய்க்குப் பூட்டு இல்லாதவன், மேனேஜர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பவன், பக்கத்துப் பாத்தியில்தான் இருக்கிறானே. பத்துப் பேர் வேலை செய்துகொண்டிருக்கும்போது வரப்பில் நின்றே கத்தினேன். "டேய், உனக்கு நான் இன்னா பாவம்டா செஞ்சேன்? என் குவியல் நின்னா உனக்கு வயிறு எரியுதா?" அவன் உப்பு வாரும் பலகையைக் கையில் பிடித்தபடி நின்றான். "சத்தியமா நான் ஒண்ணும் சொல்லலக்கா" என்றான். "உன் சத்தியத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு" என்றேன். எப்போதும் பேசுகிறவன் பேசாமல் நின்றதையே குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மாதா சுரூபத்துக்குப் பின்னால் இருந்த துணி முடிச்சை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். மேனேஜர் மேஜை மேல் அவிழ்த்து வைத்தேன். "இதோ சார் அந்த இருநூறு. தொடவே இல்ல. இப்பவே அவருகிட்ட திருப்பிக் குடுத்து குறியை அழிச்சிடுறேன்." அவர் பணத்தைப் பார்க்கவே இல்லை. "வேண்டாத பணத்தை எதுக்கும்மா வாங்கினீங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். உங்களை நம்பாததால் வாங்கினேன் என்று அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? பணத்தை மறுபடியும் துணியில் முடிந்தேன். இரண்டாவது ஆயிரம் கிடையாது என்றார். முதல் ஆயிரத்தைப் பதினைந்து நாளில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் குவியலை பேங்கே ஏலம் விடும் என்றார். "உங்களுக்கு யாரு சார் சொன்னது?" என்று கேட்டேன். அவர் ஃபைலை மூடினார். "எங்க ரெக்கார்டுல இருக்கு" என்றார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து கிளார்க் ஒருத்தர் வந்தார். கணக்குப் புத்தகத்தில் எழுதித் தருகிற ஆள், அமைதியானவர். நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று நினைத்து வந்திருப்பார். எனக்கு ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை. "பக்கத்துப் பாத்திக்காரன்தானே வந்து சொன்னான்?" என்று கேட்டேன்.

"யாரும் வந்து சொல்லலம்மா" என்றார் அவர். "பழைய மேனேஜர் போறப்ப ஒவ்வொரு பார்ட்டி பத்தியும் நோட்டு எழுதி வச்சுட்டுப் போனாரு. உங்க ஃபைல்லயும் இருக்குது. கிழக்கு மூலையில வியாபாரி குறி இருக்குன்னு எழுதியிருக்காரு."

என் உடம்பெல்லாம் எரிந்தது. மோர் கொடுத்தேனே அந்த மனுஷனுக்கு! வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால், அதை ஃபைலில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். கிளார்க் நான் முடிக்கும்வரை நின்றார்.

"அதுக்குக் கீழ இன்னொரு வரி இருக்குதும்மா" என்றார். "இங்கிலீஷ்ல இருக்குது. 'நான் கேட்காமலே இந்த அம்மா தானா சொன்னாங்க. இவங்களை நம்பி எவ்வளவு வேணும்னாலும் கொடுக்கலாம்'னு எழுதியிருக்காரு."

"அதை அவரு படிக்கலியா?"

"படிச்சாரும்மா. நல்லவங்கன்னு எழுதினது ஆடிட்ல நிக்காது, குறி இருக்குன்னு எழுதினது நிக்கும்னுட்டாரு."

அப்புறம் நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. பதினைந்து நாளில் ஆயிரம் ரூபாய்க்கு எங்கே போவது? வியாபாரிதான் கட்டினார். அந்த இருநூறைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "வச்சுக்க தங்கச்சி, கணக்குல சேத்துக்கலாம்" என்றார். குவியல் முழுவதும் ஆடி விலைக்கு அவருக்குப் போயிற்று. பலகையைப் பிடுங்கிவிட்டு உச்சியில் வட்டத்தையும் கோட்டையும் போட்டார்கள். மார்கழியில் கூனிமேட்டு பாய் வந்து கேட்டார். குவியல் இருந்த இடத்தைக் காட்டினேன்.

பக்கத்துப் பாத்திக்காரனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கோயிலில் பார்த்தால் அவனாகவே சிரிப்பான், நான் தலையைக் குனிந்துகொள்வேன். கொஞ்ச நாளில் அவனும் சிரிப்பதை விட்டுவிட்டான். புது மேனேஜர் அவனுக்கும் கடனை நிறுத்திவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அவன் பேசிப் பேசிச் சேர்த்ததெல்லாம் பழைய மேனேஜரோடு பஸ் ஏறிப் போய்விட்டிருந்தது.

தை பிறந்ததும் வியாபாரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் வந்தார். முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, "பேங்குல இன்னாதான் தங்கச்சி நடந்தது? யாரு உன்னப் பத்திச் சொன்னது?" என்று கேட்டார். என்னைப் பற்றி ஒருவர் எழுதியிருந்த ஒரே ஒரு நல்ல வார்த்தை அங்கே ஒரு ஃபைலுக்குள் இருந்தது. அதை இவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"தெரியலைங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் பணத்தை எண்ணினேன்.